ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் கிடையாது

காலை ஆறு நாற்பது. அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவர், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் பொதுக்குழாயில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஓர் இரும்புச் சட்டைக்காரர். சட்டை இரும்பு இல்லை. அட்டையில் வெள்ளிச் சாயம் பூசி, தோளில் சைக்கிள் சங்கிலித் துண்டுகளைத் தைத்திருந்தார். இடுப்பில் மரவாள், காலில் ரப்பர் செருப்பு. அவருக்குப் பின்னால் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதற்குள் பிடித்து, வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓட வேண்டும். ஆனாலும் யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு மதினி மட்டும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டார். "யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நாடகக் குரலில் சொன்னார். "வடதிசையிலிருந்து வருகிறேன், தாயே. எனக்கு வீடு இல்லை."

"வடக்கன்னா, கோயம்புத்தூரா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தணித்தார். "சிங்காநல்லூர்."

"அப்ப வீடு இல்லன்னு ஏன் சொல்லுதீக? கொஞ்சம் தள்ளுங்க, குடத்த வச்சுக்கிடுதேன்."

சித்திரபுரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்தில், வெளியாளிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பெயர், தொழில், வந்த காரியம் எல்லாம் அப்புறம். யார் வீட்டுக்கு வந்தவர் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு எல்லா வீட்டிலும் சாயா உண்டு, சாப்பாடு உண்டு. பதில் இல்லாதவரை யாரும் விரட்டுவதில்லை. அவரோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். மாட்டுப்பட்டி அணையைப் பார்த்துவிட்டு வழிதவறி மேலே வரும் சுற்றுலாக்காரர்கள் எங்களை வெட்கப்படுகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்களைப் படம் எடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் அந்த வெள்ளிக்கிழமை அங்கே இருந்ததற்குக் காரணம் வேலை. பாலக்காட்டில் நான் செய்தி எழுதிவந்த பத்திரிகை அந்தப் பதிப்பை மூடிவிட்டது. அதன்பிறகு கஞ்சிக்கோட்டில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, யார் எதை எழுதச் சொன்னாலும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஓய்வு வயது, அந்த மாதக் கடைசியோடு தோட்டத்து வேலை முடிகிறது. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. அத்தான் இறந்து நான்கு வருடம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. சொந்த ஊர் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. என் விடுதியில் விருந்தாளிகள் ஓர் இரவு தங்கவும் அனுமதி இல்லை.

லயத்துக்குக் கீழே ஒரு பழைய பங்களா இருக்கிறது. அதைக் கஞ்சிக்கோட்டுக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய அப்பாவுக்குத் தொழிற்சாலை, அவருக்கு விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெருக்கித் துடைக்கப் போன அக்காவிடம் அவர் சொல்லியிருந்தார்: சமைத்துக்கொண்டு பங்களாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது, தங்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் ஆட்டம் நன்றாக நடந்தால்தான் பங்களாவையே வைத்துக்கொள்வார்கள். அக்கா தன் பங்குக்கு, என் தங்கச்சி பத்திரிகையில் எழுதுவாள் என்று சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எனக்கு அழைப்பு வந்தது.

விளையாட்டை, அதன் அமைப்பாளரான அந்தக் கஞ்சிக்கோட்டுக்காரரே விளக்கினார். சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை ஆட்டம் அது. ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். கூட்டமாகப் பயணம் போய் ஏதாவது ஓர் ஊருக்கு வருவார்கள். அந்த ஊரில் ஒரு சத்திரம், ஒரு கொல்லன், ஒரு மூலிகைக்காரி, ஒரு காவல்காரன். வழக்கமாக ஆட்டத்தை நடத்துகிறவரே அத்தனை ஊர்க்காரர்களுக்கும் குரல் கொடுத்துவிடுவார். இங்கே ஆட்டக்காரர்கள் வேடம் போட்டு நிஜமாகவே நடந்து வருவார்கள். ஊர்க்காரர்களும் நிஜமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பது இவருடைய யோசனை.

"நீங்க வசனம் மட்டும் எழுதிக்குடுத்துப்போடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோமுங்க," என்றார்.

படித்துப் பார்க்க, இதுபோன்ற ஆட்டங்களின் கற்பனை உலகங்களை விவரிக்கும் ஒரு கட்டுப் பக்கங்கள் அனுப்பியிருந்தார். விடுதியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். எந்த உலகமானாலும் ஊர்க்காரர்கள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். ஆயுதத்தோடு வந்து நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம் சத்திரக்காரன் ஊரின் ரகசியத்தைச் சொல்கிறான். காணாமல்போன மகளைத் தேடித் தரும்படி ஒரு தாய், அவர் பெயரைக்கூடக் கேட்காமல் கெஞ்சுகிறாள். வீரர்கள் வீடுகளுக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்க்கிறார்கள். பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் ஓரமாக நின்று, இன்று காற்று பலமாக இருக்கிறது என்கிறார். அடுத்த தடவை வந்து கேட்டாலும் அதே காற்றைப் பற்றித்தான் சொல்கிறார். வீரர்களுக்கு அனுபவம் கூடுகிறது, பலம் கூடுகிறது. ஊர்க்காரர்களுக்கு எதுவும் கூடுவதில்லை.

நான் தேர்தல் செய்திக்கும் மண்சரிவுச் செய்திக்கும் லயங்களுக்குப் போயிருக்கிறேன். வந்தவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேட்பாளருக்கு ஒரு வாக்கியம், சேதம் கணக்கெடுக்க வந்தவருக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லை.

ஊர்க்காரர்களாக நடிக்க லயத்திலிருந்து மூன்று பேர், பெண்கள் தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு. அக்கா சத்திரக்காரி. மதினி மூலிகைக்காரி; அவருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு கொடுத்திருந்தார்கள். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கோட்டைக் காவல்காரர். ஈட்டி பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்பதுதான் வேலை என்று தெரிந்ததும் அவர், "இதத்தானே முப்பது வருசமா செஞ்சேன். அப்ப டார்ச்சு, இப்ப ஈட்டி," என்றார்.

அவர்களுக்கு அமைப்பாளர் சில விஷயங்களைச் சொல்லி வைத்தார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மஞ்சள் துணி கட்டிய கதவுக்குள் வீரர்கள் நுழையலாம், உள்ளே இருப்பதை எடுக்கலாம்; தடுக்கக் கூடாது. இதற்காகப் பங்களாவின் விறகு அறை, பழைய குதிரை லாயம், கீழே ஆள் இல்லாமல் கிடந்த இரண்டு லயத்து வீடுகள் ஆகியவற்றில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். இன்னொன்றையும் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். அதனால் நேற்று நடந்தது எதுவும் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது.

"ஊருக்காரங்களுக்கு ஞாபகமே கெடையாதுங்க. அதான் ரூல்," என்றார்.

மதினி மண்டையோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நமக்கு எதுக்கு ஞாபகம், வெறுதே பாரம்."

வெள்ளிக்கிழமை காலை பங்களா வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, பன்னும் கட்டன் சாயாவும் வைத்து அக்காவை நிறுத்தினார்கள். நான் எழுதிக் கொடுத்த வசனம் இது: வாருங்கள் வீரர்களே, நெடுந்தூரம் வந்திருக்கிறீர்கள், மலைமேல் குகையில் ஒரு மிருகம் எங்களை வாட்டுகிறது. அக்கா சொன்னது: "வாங்க, தூரமா வந்திருக்கீக. உக்காருங்க மொதல்ல. மேல கொகையில ஒரு மிருகம் கெடக்கு, அதப் பெறகு பேசுவோம். சாப்டீகளா?"

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பு வைத்த தொப்பி போட்டிருந்த பெண், "சோ ஸ்வீட்," என்றாள். அமைப்பாளர் தூணருகே நின்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். சாயா குடித்து முடித்த இரும்புச் சட்டைக்காரர், தட்டிலிருந்த பன்கள் முழுவதையும் தன் தோல் பைக்குள் கொட்டிக்கொண்டார். ஆட்டத்தில் அப்படிச் செய்யலாம். அக்கா வெறும் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அடுத்த கூட்டம் வந்தபோது மேஜையில் சாயா மட்டும் இருந்தது.

சனிக்கிழமை அதே வராந்தா, அதே மேஜை. இரும்புச் சட்டைக்காரர் படியேறி வந்து மரவாளைத் தரையில் ஊன்றினார். "சத்திரக்காரியே, நான் தூரதேசத்து வீரன். இந்த ஊருக்குப் புதியவன்."

"எங்க புதுசு?" என்றாள் அக்கா. "நேத்து பன்னு பூராத்தையும் அள்ளிட்டுப் போனது நீங்கதானே. பின்னால வந்த பிள்ளைக வெறும் வயித்தோட போச்சு."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். கொம்புப் பெண் அவர் முதுகில் ஒன்று போட்டு, "மாட்டினியா?" என்றாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பன் தட்டை மேஜையின் மறு ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

அவர்கள் போனதும் அமைப்பாளர் வந்தார். அவர் குரலில் மரியாதை ஒருபோதும் குறைந்ததில்லை. அதைச் செய்தியாகவே குறித்துக்கொள்ளலாம்.

"ஏனுங்க அக்கா, நேத்து நேத்தோட போச்சுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க."

"இருக்கே, தம்பி."

"இருக்குமுங்க. ஆனா இல்லைன்னு வெச்சுக்கோணுமுங்க. அவிங்க காசு குடுத்து வர்றது எதுக்குங்க? போற எடமெல்லாம் புதுசா இருக்கோணும்னுதானுங்க. இப்படி ஆளாளுக்குக் கணக்குக் கேட்டா, நாளைக்கு ரூமப் பத்தி எங்க பார்ட்னர்கிட்ட நான் எப்புடிங்க பேசறது?"

அக்கா தலையாட்டினாள். அன்று சாயங்காலம்வரை ஆறேழு பேர் அவளிடம் தாங்கள் ஊருக்குப் புதிது என்று சொன்னார்கள். ஆறேழு பேரையும் அவள் முதல்முறையாகப் பார்த்தாள். பன் பைக்குள் போனபோது வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல நடிப்பு என்று அமைப்பாளர் என்னிடம் சொன்னார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாற்பது வருடம் நின்றவள். எதைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் வேப்பிலைக் கொத்தோடு மஞ்சள் துணி கட்டுவது எங்கள் லயத்து வழக்கம். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை கதவைப் பூட்டக் கூடாது. அம்மன் வீடு வீடாக வருவாள், அவளைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வைக்கக் கூடாது என்பார்கள். அந்த நாட்களில் வேண்டுதல் உள்ளவர்கள் வேடம் போட்டுக்கொண்டு மடிப்பிச்சைக்கு வருவார்கள். பிச்சையெடுத்த அரிசியைக் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். குறவன், ராஜா, போலீஸ், கரடி என்று எந்த வேடமும் வரும். முகத்தைப் பார்த்து யாரென்று கேட்க மாட்டோம். ஒரு படி அரிசி போட்டு அனுப்புவோம்.

பங்களாக்காரர்களும் கோயில்காரர்களும் துணி வாங்கியது கடைத்தெருவில் ஒரே கடையில்.

ஞாயிற்றுக்கிழமை லயம் காலியாக இருந்தது. எல்லோரும் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்காவும் மதினியும் நானும் பங்களாவில், மதிய விருந்துக்கான வேலையில் இருந்தோம். நடந்ததைப் பிற்பாடு மதினியின் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தவர் அவர்.

"மூணு பேரு வந்தாக. ஒரு பிள்ளைக்குக் கொம்பு. யாரு வீட்டுக்குன்னு கேட்டேன். அது இங்கிலீசுல என்னமோ சொல்லிச்சு. அடுப்படிக்குப் போயி ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து பாத்தாக. சரி, வேண்டுதல் வேசம் போல, வெளியூரு, விவரம் தெரியல, அரிசி எங்க இருக்குன்னு தேடுதாகன்னு நெனச்சேன். கட்டில்ல இருந்து கைய நீட்டி, மூலையில இருக்க செவப்பு டப்பான்னு நானே காட்டிக் குடுத்தேன்."

"பெறகு?"

"அள்ளிக்கிட்டாக. நான் படுத்த வாக்குல கும்பிட்டேன். அந்த இரும்புச் சட்டையும் பதிலுக்குக் கும்பிட்டுச்சு."

வரிசையில் இன்னும் நான்கைந்து வீடுகளில் அப்படியே நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் வெல்லமும் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் மறுக்கவில்லை. அவர்கள் படித்த எல்லா உலகங்களிலும் ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

அக்கா வீட்டில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. சாமி படங்களுக்குக் கீழே ஆணியில் அத்தானின் கவ்வாத்துக் கத்தி தொங்கும். தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடும் வளைந்த கத்தி அது. அத்தான் கவ்வாத்து ஆள்; பிடியில் அவர் கைக்குத் தக்கபடி நூல் சுற்றியிருப்பார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அதில் அப்படியே இருக்கும். அவர்கள் எடுத்தது அந்தக் கத்தியை மட்டும்தான். பக்கத்தில் இருந்த டிவியைத் தொடவில்லை.

மத்தியானம் பங்களாப் புல்வெளியில் விருந்து. மிருகத்தைக் கொன்றுவிட்டார்கள் என்பது கதை. பெஞ்சுகளைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் கொண்டுவந்த பொருளைக் காட்டினார்கள். இரும்புச் சட்டைக்காரர் இடுப்பிலிருந்து கத்தியை உருவித் தலைக்கு மேலே தூக்கினார். "குருதி படிந்த பழங்கால வாள்," என்றார். குங்குமத்தைத்தான் குருதி என்றார்.

அக்கா சோற்றுச் சட்டியோடு வரிசையின் நடுவில் இருந்தாள். சட்டியைப் புல்லில் இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். என் பக்கத்தில் மதினி, "போச்சு, ரூமு போச்சு," என்று முணுமுணுத்தார்.

"அதைக் குடுங்க," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை.

அவர் ஆட்டத்தை விடவில்லை. விட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "சத்திரக்காரியே, இது யாருடைய ஆயுதம் என்று அறிவாயா?"

"எங்க வீட்டுக்காரரு கத்தி. கவ்வாத்துக் கத்தி."

"உன் கணவன் எங்கே?"

"செத்துப் போனாரு."

கொம்புப் பெண் செல்போனை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். இரும்புச் சட்டைக்காரர் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்திருந்தது. "அவனைக் கொன்றது யார், சொல். அந்தப் பழியை நான் தீர்ப்பேன்."

அக்கா சற்று யோசித்தாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

"சுகரு," என்றாள்.

பிறகு சிரிப்பு. பெஞ்சைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். இரும்புச் சட்டைக்காரரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் கத்தியை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். நூல் சுற்றிய பிடியைத் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு சோற்றுச் சட்டியைத் தூக்கினாள். வரிசையில் இன்னும் பாதிப் பேருக்குச் சோறு விழவில்லை.

நான் அமைப்பாளரை லாயத்துப் பக்கம் கூட்டிப்போய், அது ஆட்டம் இல்லை என்றேன். எந்த வீடு, எந்தக் கத்தி, மஞ்சள் துணி எதற்காகக் கட்டியது, அரிசி எதற்காகப் போட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. நேராக அக்காவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். இரும்புச் சட்டைக்காரரையும் கூட்டிவந்தார். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு வந்து, "சாரிங்கம்மா, தெரியாமப் பண்ணிட்டனுங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. அக்கா, "பரவால்ல, சாப்டீகளா?" என்றாள்.

அரிசியை மதினியிடம் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். மடிப்பிச்சையாகப் போட்ட அரிசியைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். "கோயில்ல கொண்டுபோயிச் செலுத்துங்க." அவர்களுக்கு நேரம் இல்லை. காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கார்கள் இறங்கிப் போனபிறகு அமைப்பாளர் வராந்தாவுக்கு வந்தார். செல்போனில் அக்காவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. கொம்புப் பெண் அதை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நடந்தது தப்புத்தானுங்க. ஆனா எல்லாருமே இந்த சீனைத்தானுங்க சொல்றாங்க. அடுத்த மாசத்துக்கு இப்பவே ஆள் சேந்தாச்சுங்க. அந்தக் கத்தி உங்க ரூம்லயே இருக்கட்டுமுங்க. அவிங்க வந்து எடுப்பாங்க, நீங்க வந்து கேப்பீங்க. இதே மாதிரி. ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாமுங்க."

"வேற கத்தி வாங்கி மாட்டலாமே," என்றேன்.

"வாங்கலாமுங்க. ஆனா அக்கா கையில அதை வாங்கறப்ப ஒண்ணு வந்துச்சு பாருங்க, அது வராதுங்க."

அவர் சொன்னது சரி. இத்தனை வருடம் மனிதர்களைப் பார்த்து எழுதியதில் எனக்கும் அது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு ஏறிப் போகும் வழியில் அக்காவிடம், முடியாது என்று சொல்லிவிடு என்றேன். வாடகைக்கு எங்காவது பார்க்கலாம், நான் வேறு வேலை தேடுகிறேன் என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியங்களில் இடமும் நாளும் இல்லாததைக் கவனித்தேன். எந்தச் செய்தி ஆசிரியரும் அவற்றை வெட்டியிருப்பார்.

அக்கா மூச்சு வாங்க நின்றாள். "ஏட்டி, அந்த ரூமுல தண்ணி பைப்பு உள்ளேயே இருக்கு. பாத்தியா?"

"பாத்தேன்."

"லயத்த விட்டு எறங்குனா என்னைய எவன் யாரு வீட்டுக்குன்னு கேப்பான்? கேட்டாத்தான் நான் என்ன சொல்ல?" மறுபடி நடந்தாள். "மாசத்துக்கு ஒருக்க உங்க அத்தான் சுகருல சாவாரு. அவ்வளவுதானே. அவருக்கு இதுல என்ன நட்டம்?"

"உனக்கு?"

"எனக்குத்தான் ஞாபகம் கெடையாதே," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முன்னால் போய்க்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

மாதக் கடைசியில் அக்கா லயத்து வீட்டைக் காலி செய்தாள். ஒரு கட்டில், இரண்டு பெட்டி, பாத்திர மூட்டை, டிவி, சாமி படங்கள். மதினியும் காவல்காரரும் தூக்கி வந்தார்கள். பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொள்ளப் போனபோது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பங்களா கீழேதான் இருக்கிறது. சாவி திருப்பிக் கொடுத்த அன்றே அந்த வீட்டில் அசாமிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. மதினி அவர்களிடமும் யார் வீட்டுக்கு என்று கேட்டதாகவும், அவர்கள் அந்த வீட்டையே கையால் காட்டியதாகவும் சொன்னார்.

அடுத்த ஆட்டத்துக்கான வசனத்தை நானே எழுதிக் கொடுத்தேன். கஞ்சிக்கோட்டு விடுதியில், சன்னலுக்கு வெளியே ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அக்கா சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். வீரன்: அவனைக் கொன்றது யார்? சத்திரக்காரி: சுகரு. இடையில் ஒரு நொடி மௌனம் என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். அதற்கான பணம் மறுநாள் வந்துவிட்டது.

அடுத்த மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது புதுக் கூட்டம் வந்திருந்தது. புல்வெளியில் புதிதாக ஒருவர் வெள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டு அறையில் அக்கா குளித்துத் தலையை முடிந்திருந்தாள். ஈரத்துணியால் கத்தியைத் துடைத்து, புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். சாமி படங்களுக்குக் கீழே ஆணியில் அதை மாட்டினாள். நிலையில் மஞ்சள் துணியைக் கட்டினாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு சோறு வடிக்கப் போனாள்.